மூலைக்கு ஒரு கல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு ஓர் அம்மாள் என்னைத் திருடி என்றாள். விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளுக்கான கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள்தான் பெட்டிகளை ஒளித்துவைக்கிறாள் என்பது பயணிகளின் பொதுவான நம்பிக்கை. சிரித்த முகத்தோடு பெட்டி என்ன நிறம் என்று கேட்டேன். "பாத்தா எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டுக்கு வந்தால் அப்பா. நான் கஞ்சி ஊட்டுவதும் அவர் அதில் பாதியைத் திருப்பித் துப்புவதுமாக ஒரு மணி நேரம். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல்: "போ." தண்ணீர் வேண்டும் என்றாலும் போ, வேண்டாம் என்றாலும் போ. அவர் நன்றாக இருந்த காலத்திலும் என்னிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

பிறகுதான் என் தீவு. கல்லூரி நாட்களில் அண்ணனும் நானும் டிவியில் தொடங்கிய விளையாட்டு. இப்போது நான் மட்டும் போனில் விளையாடுகிறேன். இதைவிட அழகான விளையாட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. நான்கு நாள் விளையாடிவிட்டு இங்கேயே திரும்பிவிடுகிறேன். மற்றதில் எல்லாம் யாராவது யாரையாவது சுடுகிறார்கள். இங்கே பூசணி வாடும், தண்ணீர் விட்டால் எழுந்துவிடும், அவ்வளவுதான். விதை விற்கும் ஆமை தினமும் ஒரே வாக்கியம் சொல்லும்: "வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்." உலகத்திலேயே என்னிடம் அப்படிச் சொல்லும் ஒரே ஜீவன்.

இன்றைக்கு யாரோ என் பூசணிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

தீவுக்குள் வர உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். நான், அண்ணன். எதிர்ப்பக்கம் புதர் மண்டிக் கிடந்த அவன் தோட்டத்திலும் கொஞ்சம் களை எடுத்திருக்கிறது. ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் வயிறு எரிந்தது. துரைக்கு இதற்கு நேரம் இருக்கிறது! (அண்ணனுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். மதியம் வரை தூங்குவான்.) அப்பாவை வந்து பார்த்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. பூசணிக்குத் தண்ணீர் விட வந்துவிட்டான்.

மார்ச் 5, வியாழன்

வேலி போட்டிருக்கிறான். என் பூசணிப் பாத்திக்கு நடுவில்! முதலில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கல், பிறகு கல்லுக்குக் கல் நூல் பிடித்த மாதிரி வேலி. அப்பா நில அளவைத் துறையில் இருந்தவர். "மூலைக்கு ஒரு கல், அப்புறந்தான் வேலி" என்று சாப்பாட்டுத் தட்டில்கூடப் பிரித்துக் காட்டுவார். அவரிடமிருந்து பொறுப்பு வரவில்லை, பாசம் வரவில்லை, இந்தப் புத்தி மட்டும் மகனுக்குத் தப்பாமல் வந்திருக்கிறது.

நான்கு கல்லையும் பிடுங்கிக் கடலில் போட்டேன். நன்றாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

திரும்ப நட்டிருக்கிறான். அதே இடத்தில், அதே நான்கு கல். எவ்வளவு திமிர்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு தவறாமல் துரையின் போன். ஏழு நிமிடம் அக்கறை. "அப்பா எப்படி இருக்காரு, நீ எப்படி இருக்க, அந்த இல்லத்தைப் பத்தி யோசிச்சியா?"

அந்த இல்லம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாம். அவன் இணையத்தில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. போன மாதம் டாக்டர் வந்து அப்பாவிடம் "கண்ணை மூடுங்க, ரெண்டு விரலைக் காட்டுங்க" என்று கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்றது அவருக்குப் போய்ச் சேரலைம்மா" என்றார் டாக்டர். அன்றிலிருந்து துரை அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவருக்கு எங்கே இருந்தால் என்னவாம்.

"அப்பாவப் பாக்க நேரம் இல்ல, தீவுக்கு வர மட்டும் நேரம் இருக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"எந்தத் தீவு?"

"நடிக்காத."

"அதுவா? அதைத் தொட்டே எத்தனையோ வருஷம் ஆச்சு. பாஸ்வேர்டுகூட ஞாபகம் இல்ல எனக்கு."

என் காதில் பூ சுற்றுகிறான். கூசாமல் பொய் சொல்கிறவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

சீக்கிரம் வந்தேன். வாசலிலேயே டிவி சத்தம் கேட்டது, நான் சாவி போட்டதும் நின்றுவிட்டது. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கத்தினேன். "பகல் பூரா சீரியல் பாக்கவா உங்களை வெச்சிருக்கேன்?" புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டாள். இன்றைக்கு யார் எதிரில் வந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.

அப்பாவின் மடியில் பிசியோதெரபி தம்பி கொடுத்த ரப்பர் பந்து, கூடவே துரை விட்டுப்போன பழைய விளையாட்டுப் பெட்டியின் கன்ட்ரோலர். இடது கை விரல்கள் பிடித்துப் பழக வேண்டுமாம். எடுத்து வைக்கப் போனால் விட மாட்டேன் என்கிறார். போ, போ, போ. வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டும்.

தீவில் வேலியைச் சுற்றிப் பள்ளம் வெட்டினேன். இப்போது வரட்டும் பார்க்கலாம்.

மார்ச் 12, வியாழன்

பள்ளத்துக்குப் பலகை போட்டு வந்திருக்கிறான்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்குத் துரை குரலை உயர்த்தினான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அவருக்கு நீ யாருன்னே தெரியாது. நீ ஏன் உன் வாழ்க்கையக் கெடுத்துக்கற?"

என் வாழ்க்கை! அது எங்கே கிடக்கிறது என்று என் கவுன்ட்டரில் வந்து புகார் எழுதிக் கொடுத்தால் தேடித் தருவேன். நானும் கத்தினேன். அவனும் கத்தினான். நடுவில் என்னை அறியாமல் "சரி, சேத்துடு, என்னாலயும் முடியல" என்று சொல்லிவிட்டேன். உடனே அவன் குரல் இறங்கி இனிமையாகிவிட்டது. முப்பதாம் தேதி கூட்டிப்போக வண்டி அனுப்புவார்களாம். அப்பா ஹாலில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்ப்பதே இல்லை.

சொன்னது சரிதானா? சரிதான். டாக்டரே சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் எனக்கு இப்படிக் கொதிக்கிறது?

மார்ச் 18, புதன்

செய்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் அவன் நட்டிருந்த தக்காளிச் செடிகள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினேன். வரிசை வரிசையாக வைத்திருந்தான், சிவக்க ஆரம்பித்திருந்தன. ஒன்று விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மார்ச் 19, வியாழன்

அப்பா ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. கரண்டியைத் தட்டிவிட்டார். கஞ்சி என் சட்டை முழுக்க. "போ" என்று ஒரு கத்தல், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மதியத்திலிருந்தே இப்படித்தான் என்றாள் அக்கா. என்ன கோபமோ, யார் மேலோ. இன்னும் பத்து நாளில் போகப் போகிறவரோடு நான் என்ன சண்டை போடுவது. சட்டையைக் கழற்றி ஊறப் போட்டுவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 21, சனி

தக்காளி இருந்த இடத்தில் புதிதாக ஒரே ஒரு வரிசை நட்டிருக்கிறது. சுற்றிலும் நான்கு கல். சண்டைக்கு வரவில்லை, என் பாத்தியைத் தொடவில்லை. ஏனோ இன்றைக்குப் பிடுங்கக் கை வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் சர்வர் விழுந்து கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். மதியமே பஸ் ஏறினேன். இடம் கிடைத்தது, போனைத் திறந்தேன். ஆமை சொன்னது, வந்துட்டீங்களா என்று. அந்தப் பக்கம் துரையின் பொம்மை நின்றுகொண்டிருந்தது! இத்தனை நாளில் ஒரு முறைகூட நேரில் அகப்படாதவன். நீலத் தொப்பி, மெதுவாக நடக்கிறது, நிற்கிறது, திரும்ப இரண்டடி நடக்கிறது. கள்ளன் மாட்டினான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் நட்ட கல்லைப் பிடுங்கினேன். நட்டான். பிடுங்கினேன். நட்டான். ஓங்கி ஒரு போடு போட்டேன். இந்த விளையாட்டில் அடி விழாது, பொம்மை கொஞ்சம் குலுங்கும். குலுங்கிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. நிறுத்தம் வந்ததுகூடத் தெரியாமல் இறங்கினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தெருவைக் கடந்து, படியேறி, கதவைத் திறந்தேன். இன்றைக்கு இவனை விடுவதில்லை, இங்கிருந்தே போன் போட்டுக் கிழிக்கிறேன் என்று.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

என் சிவப்புச் சட்டை, என் மண்வெட்டி. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் நான் எப்படி இருப்பேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். இடது கையில் கன்ட்ரோலர், தொடையில் அழுத்திப் பிடித்திருந்தார். பெருவிரலால் நடக்கிறார், ஆள்காட்டி விரலால் கல் நடுகிறார். வாயோரம் எச்சில், நெற்றியில் வியர்வை. வயல் அளக்கும்போது இருக்கும் முகம்.

அக்கா பதறிப்போய் எழுந்தாள். "பிசியோ தம்பிதான் பழைய பெட்டியப் போட்டு விட்டுச்சும்மா, விரலுக்கு நல்லதுன்னு. அவரு பாட்டுக்கு அமுக்கிட்டு இருப்பாரு. ஏதோ ஓடுற படம்னு நெனச்சேன். நீங்க டிவி போட்டாலே திட்டுவீங்களேன்னு வர்றதுக்கு முன்னாடி அணைச்சிடுவேன். அன்னிக்கு என்னமோ பாத்துட்டு ஒரே அழுகை, எனக்கு ஒண்ணும் புரியல."

அன்னிக்கு. தக்காளி.

என்ன பண்ணியிருக்கேன் நான்? ஒத்தைக் கையால ஒவ்வொண்ணா நட்டு வெச்சதை... பல்லைக் கடிச்சிக்கிட்டு, பஸ்ல உக்காந்து, ஒண்ணு விடாம...

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் அவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. கதவோரம் நின்றபடியே போனில் ஓர் அடி எடுத்து வைத்தேன். டிவியில் என் பொம்மை அவர் எல்லைக்குள் கால் வைத்தது.

அப்பா திரும்பினார். டிவியை இல்லை, போனை இல்லை, என்னைப் பார்த்தார்.

"போ" என்றார்.

போகச் சொன்னார். வெளியே போ, இது என் இடம். அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம்தான்.

மார்ச் 25, புதன்

துரையிடம் சொல்லிவிட்டேன், அப்பா எங்கும் வரவில்லை என்று. தீவு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். "அது வெறும் பழக்கமா இருக்கும். பட்டன் அமுக்கறது வேற, புரியறது வேற" என்றான்.

"மூணு வாரமா என்னை எதுத்து நின்னிருக்காருடா. பள்ளம் வெட்டினா பலகை போடறாரு. நீ என்னிக்காவது என்னை எதுத்து நின்னிருக்கியா?"

"தொப்பி நீலமா?" என்றான்.

"ஆமா. உன்னோடதுதான். பெட்டி உன் பேர்லயே திறக்குது." வைத்துவிட்டேன். இவன் மேல் கோபம் போகவில்லை. பொய் சொல்லவில்லை என்றால், உண்மையிலேயே ஒன்றுமே செய்யவில்லை என்றுதானே ஆகிறது?

மார்ச் 28, சனி

டாக்டரை மறுபடி வரவழைத்தேன். சலித்துக்கொண்டேதான் வந்தார். ரெண்டு விரல், கண்ணை மூடு, எல்லாவற்றுக்கும் அப்பா சுவரைப் பார்த்தார். "நான்தான் சொன்னேனேம்மா" என்று பையை மூடினார். டிவியைப் போட்டேன். "இதுல சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, "ஐயா, ரெண்டு கல்லு நடுங்க" என்றார்.

அப்பா நட்டார். ஒன்று. இரண்டு. நிறுத்தவில்லை. மூன்று. நான்கு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டுன்னு சொன்னேன்."

"ரெண்டு கல்லுல எல்லை வராது டாக்டர்" என்றேன். அப்பாவின் இடது பக்க உதடு மேலே போனது. அது சிரிப்புதான், நான் சத்தியம் செய்வேன். டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 30, திங்கள்

வண்டி வரவில்லை. நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அப்படியும் மதியம் வரை ஜன்னலோரமே நின்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கஞ்சி பாதி என் சட்டையில். கவுன்ட்டரில் ஒருவன் என் பெயரைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறான், மேலிடத்தில் சொல்வானாம். சொல்லட்டும். அக்காவிடம் டிவி எப்போது வேண்டுமானாலும் ஓடட்டும் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது சீரியலும் ஓடுகிறது.

இடைவேளையில் தீவைத் திறந்தேன். தக்காளி சிவந்திருக்கிறது. பத்துச் செடி நான் நட்டுக் கொடுத்தேன், அதை எடுத்துக்கொண்டார். நன்றி கிடையாது. அது மட்டுமா, வேலி நேற்று இருந்த இடத்தில் இல்லை. நான்கு கல்லும் ஒரு கட்டம் நகர்ந்து என் பூசணிக்குள் வந்திருக்கின்றன! நூல் பிடித்த மாதிரி நேராக. ஆயுள் முழுக்க அடுத்தவன் நிலத்தை விரல்கடை பிசகாமல் அளந்து கொடுத்த மனுஷன், சொந்த மகளின் பாத்தியை அபகரிக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இருக்கிறது அவருக்கு.