மேடை செட்டும் நீ போடாத கையெழுத்தும்

கீழ் வீட்டுக் குழந்தைக்கு நேற்று ஐந்தாவது பிறந்தநாள். மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவில் இப்போதெல்லாம் பிறந்தநாள் என்றால் பரிசுப் பெட்டிகள் சோபாவையே மறைத்துவிடுகின்றன. அதில் ஒன்றை அவள் பிரித்து, உள்ளே இருந்த உறையைக் கிழித்தபோது புது பிளாஸ்டிக்கின் வாசனை குப்பென்று வந்தது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் ஒரு கச்சேரி மேடை. திரை, விளக்குக் கம்பங்கள், பாடகி பொம்மை எல்லாம் இருந்தன. கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பேச வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் வேலை பார்த்த பொம்மைத் தொழிற்சாலை இன்று இல்லை. அதன் பெயரும் வேண்டாம். நாம் இருவரும் அங்கே சேர வந்த நாளில் உன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். ராமாபுரம் கிராமத்திலிருந்து நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்திருந்தாய். கணவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நான் 'கைவிடப்பட்டவர்' என்று ஆரம்பித்ததை எட்டிப் பார்த்து என் பேனாவைப் பிடித்துக்கொண்டாய்.

"அவன் விட்டான்னு எழுதாத புள்ள. நான் விட்டுட்டு வந்தேன். அப்படியே எழுது."

உன் பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். வீட்டில் மட்டும் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். என் சிரிப்பைக் கவனித்துவிட்டாய். "உன் பேச்சுல பாதி கன்னடம், மீதி இங்கிலீசு. நீ என்னையப் பாத்துச் சிரிக்கிறயா?" என்றாய். அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டோம்.

நம் இருவரையும் செக்கிங் அறையில் போட்டார்கள். புதிதாக ஒரு செட் தயாரானால் கடைக்குப் போகும் முன் நம் மேஜைக்கு வரும். வாங்கிப் போகிற குழந்தையைப் போல நாமும் படம் பார்த்துக் கட்ட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது, எது பொருந்தவில்லை, எது உடைகிறது என்று தாளில் எழுதி, கடைசியில் 'சரி' என்றோ 'சரியில்லை' என்றோ குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம் தசரா பொருட்காட்சிக்கென்று முதலாளி ஆசைப்பட்டுச் செய்ததுதான் மேடை செட். மூன்று வயது முதல் என்று பெட்டியில் அச்சாகியிருந்தது.

நீ அதைச் சோதித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேடையைக் கட்டி முடித்ததும் அதன் மேல் தண்ணீர் நிரம்பிய சொம்பைத் தூக்கி வைத்தாய். அசையாமல் நின்றது. சிவப்புத் திரையை நூலால் இழுத்து நாற்பது தடவை திறந்து மூடினாய். நூல் ஒரு விரல் நீளம் கூடுதலாக இருந்தால் சிக்காது என்றாய். படிகள் நன்றாகப் பொருந்தின. விளக்குக் கம்பங்களும் கச்சிதம். நான் குறைகளை மட்டும் எழுதிக்கொண்டே போனபோது தடுத்தாய். "நல்லதையும் எழுது புள்ள. கொறையா மட்டும் எழுதினா ஏதோ கோவத்துல எழுதினதுன்னு நெனப்பாங்க."

பிறகு பாடகியின் மைக்கை எடுத்தாய். ஒரு குச்சி, அதன் உச்சியில் ஒரு கறுப்பு உருண்டை. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாய். மூன்றாவது முறை உருண்டை கழன்று உருண்டது. கொண்டைக்கடலை அளவுதான். சின்னக் குழந்தையின் தொண்டை அளவுக்குச் செய்த ஒரு குழாய் நம் மேஜையில் எப்போதும் இருக்கும். உருண்டையை எடுத்து அதில் போட்டாய். எங்கேயும் தட்டாமல் உள்ளே போய்விட்டது. இன்னும் நான்கு மைக்குகளைப் போட்டுப் பார்த்தோம். நான்கும் கழன்றன. நீ 'சரியில்லை' என்று குறித்தாய்.

மேனேஜர் அந்தத் தாளோடு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பொம்மை வார்க்கும் அச்சு செய்தாகிவிட்டது, பொருட்காட்சிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, வியாபாரிகளுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது என்று கன்னடத்தில் பொறுமையாகவே சொன்னார். சிறு துண்டுகள் உண்டு, கவனம் என்று பெட்டியில் அச்சடித்துவிடலாம் என்றும் சொன்னார்.

"ஏனுங்க, மூணு வயசுக் கொழந்தை அதைப் படிக்குங்களா?" என்று கேட்டாய்.

அவர் முகம் மாறியது. 'சரி' என்று குறித்த வேறொரு புதுத் தாளை உன் முன்னால் வைத்து, "சைன் மாடம்மா," என்றார். கையெழுத்துப் போடு என்று.

"போடமாட்டனுங்க."

"நீ போடவில்லை என்றால் இவள் போடுவாள்," என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

நான் போட்டேன். அப்பா ஓய்வு பெற்ற வருடம் அது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். இதெல்லாம் காரணம்தான், ஆனாலும் போட்டது என் கை.

நீ என்னோடு பேசமாட்டாய் என்று நினைத்தேன். மதியம் வழக்கம்போல டப்பாவைத் திறந்து, களியைப் பாதியாக்கி என் மூடியில் வைத்தாய். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்தான் கேட்டாய். "பயந்துக்கிட்டுப் போட்டியா, சரின்னு நெனச்சுப் போட்டியா?"

"பயந்துதான்."

"அப்பப் பரவால்ல. பயம் போயிரும். சரின்னு நெனச்சிருந்தீன்னாத்தான் கஷ்டம்."

அடுத்த வாரம் வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் எதிரில் செட்டைக் கட்டிக் காட்ட நம் இருவரையும் கூப்பிட்டார்கள், வேகமாகக் கட்டுகிறவர்கள் நாம்தான் என்பதால். நீ தூண்களை நிறுத்தினாய், நான் திரையைக் கோத்தேன். பத்தே நிமிடத்தில் மேடை எழுந்தது. நூலை இழுத்ததும் திரை விலகி, உள்ளே பாடகி நிற்க, எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி சிரித்தார். அந்தக் கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தாய். அப்புறம் மைக்கை எடுத்துத் தரையில் போட்டாய். ஒரு தடவை, இரண்டு தடவை. இரண்டாவது தடவையே உருண்டை கழன்றது. முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்திருந்த குழாயை எடுத்து மேஜையில் வைத்து, உருண்டையை உள்ளே போட்டாய்.

"இந்தக் கொழாய் ஒரு கொழந்தையோட தொண்டைங்க," என்றாய். அதையே கன்னடத்திலும் சொன்னாய்.

மேனேஜர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "ஹள்ளி ஹெங்கசு, ஏனோ ஹேளுத்தாளே," என்றார். கிராமத்துப் பெண், ஏதோ உளறுகிறாள் என்று. வியாபாரிகளில் வயதான ஒருவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். சோதித்த தாளில் உன் கையெழுத்துதானே இருக்கிறது, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உனக்காகச் சொன்னதாக ஆகியிருக்கும். "அவங்க சொல்றது நிஜ சார். அஞ்சு மைக்கும் கழண்டுது. நான் தப்பா கையெழுத்துப் போட்டேன்," என்றேன்.

மறுநாள் காலை வாசலிலேயே உன்னை நிறுத்திவிட்டார்கள். குழாயைத் திருடி வெளியே எடுத்துப் போனாய் என்று ஒரு காரணம் சொன்னார்கள். என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று என்னிடமே உனக்குச் சொல்லி அனுப்பினார்கள். உன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். நீ மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். "அவங்க எழுதிக் குடுத்தா நான் வாறேன்னு சொல்லு," என்றாய். நான் அதை அப்படியே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அதுதான் நான் முதல் முறையாக அவர் எதிரில் பயப்படாமல் நின்றது.

தசரா வந்தது. பொருட்காட்சியில் நம் தொழிற்சாலையின் கடையைத் தேடி, உன் மகளையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். மேடை செட் அடுக்கி வைத்திருந்தது. மாதிரிக்குக் கட்டி வைத்ததிலிருந்து பாடகியைக் கையில் எடுத்தாய். மைக் இப்போது அவள் கையோடு சேர்ந்து ஒரே வார்ப்பாக இருந்தது. நீ அதைத் திருகினாய். இழுத்தாய். பிறகு பொம்மையை வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாய். கடைக்காரர் பதறிப்போய், "ஏனம்மா மாடுத்தீரா," என்று ஓடி வந்தார். என்னம்மா செய்கிறீர்கள் என்று.

மைக் வரவில்லை. பொம்மையைச் சேலையில் துடைத்து அவர் கையில் கொடுத்தாய். "இப்பச் சரிங்க," என்றாய். உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலை போனதற்காக நீ ஒருநாளும் அழுது நான் பார்த்ததில்லை. ஊதுபத்தி உருட்டினாய், பள்ளிச் சீருடை தைத்தாய், மகளை நர்ஸாக்கினாய். உன் கடைசி வாரங்களில் அவள்தான் உன்னைப் பார்த்துக்கொண்டாள். அதையெல்லாம் அவள் சொல்லட்டும். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது.

போன மாதம் தொழிற்சாலையின் பழைய ஆட்களெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். மேனேஜரும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு. அவரைப் பேசச் சொன்னார்கள். குழந்தைகளின் பாதுகாப்பில் தான் எவ்வளவு கண்டிப்பாக இருந்தேன் என்று பேசினார். மேடை செட்டில் மைக்கைப் பொம்மையின் கையோடு சேர்த்தது தன் யோசனை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். இருந்த இடத்திலிருந்தே, அது உங்கள் யோசனை இல்லை சார் என்றேன். உன் பெயரைச் சொன்னேன். ராமாபுரம் என்று ஊரைச் சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், நான் போட்ட கையெழுத்தையும் சேர்த்து. பின்னால் இருந்த ஒருத்தி என் சேலையை இழுத்து, "விடுங்க அக்கா, வயசானவரு," என்றாள். "அவளுக்குந்தான் வயசாச்சு," என்றேன். உட்காரவில்லை.

மேனேஜர் கைத்தடியை ஊன்றி என் பக்கம் திரும்பி, மெல்ல, "அவரு பந்தில்வா?" என்று கேட்டார். அவர் வரவில்லையா என்று. உன்னை அவர் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல சார்," என்றேன். "அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."