இஞ்சினுக்கு அறை, எங்களுக்கு மடிக்கிற கட்டில்

ஜனவரி 8, புதன்

அப்பா இன்றைக்கு இஞ்சினுக்குப் புதுப் பெற்சீற் போர்த்தினார். ரோசாப்பூப் போட்டது. என் கலியாணத்துக்கு வந்த பரிசு. "பழசு ஈரம் பிடிக்குது பிள்ளை" என்றார். இஞ்சினுக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது, பாவம்.

இந்தக் குருநகர் மாடி வீடு எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது. ஒரு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அறையில் நானும் ஜஸ்ரினும் சரியாக மூன்று கிழமை இருந்தோம். பிறகு கரையில் இரண்டு படகுகளின் இஞ்சின்கள் களவு போயின. அடுத்த நாளே அப்பா தன் பதினைந்து குதிரைவலு இஞ்சினையும் வலைகளையும் அறைக்குள் கொண்டுவந்து பூட்டுப் போட்டார். அன்றிலிருந்து அறை இஞ்சினுக்கு. கலியாணம் முடிந்து பதினான்கு மாதம். ஹோலில் நாங்கள் நாலு பேர். குசினி வாசலில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் நான், அறை வாசலில் சாவியை இடுப்பில் முடிந்தபடி அப்பா, அப்பாவுக்குப் பக்கத்தில் என் புருசன்.

ஜஸ்ரின் ஒவ்வொரு நாளும் அந்த இஞ்சினைத் தோளில் தூக்கி மூன்று மாடி இறக்கி ஏற்றுகிறார். என்னை ஒருநாளும் தூக்கியதில்லை.

அம்மா இன்றும் கேட்டார்: "விசேசம் ஒண்டும் இல்லையோ?"

எப்படி வரும், தபாலிலா?

ஜனவரி 11, சனி

எங்கள் ஆட்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஆகவே சனி ஒரு நாள்தான் ஜஸ்ரின் முழு இரவும் வீட்டில். மற்ற நாட்களில் இரண்டு மணிக்கே எழும்பிப் போய்விடுவார். அந்த ஒரு இரவிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் அப்பாவின் குறட்டை படுத்திருக்கும்.

இன்று பின்னேரம் படியில் வைத்து ஒரு கதை சொன்னார். முல்லைத்தீவில் ஒரு மீன்பிடி வாடிக்கு ஆள் தேடுகிறார்களாம். மார்ச் முதல் கிழமை போனால் எட்டு மாதம் அங்கேதான், கடற்கரைக் கொட்டிலில். மார்ச் இரண்டாம் திகதிக்குள் பதில் சொல்ல வேணும்.

"இஞ்சை மாமாவுக்குப் பக்கத்திலை படுக்கிறன். அங்கை வேறை ஆரோ ஒரு ஆம்பிளைக்குப் பக்கத்திலை படுப்பன். என்ன வித்தியாசம் நிரோ?"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் சிரித்து வைத்தேன். எட்டு மாசம். நான் ஆரோடை குடும்பம் நடத்துறது, இஞ்சினோடையோ?

ஜனவரி 13, திங்கள்

மொட்டை மாடியில் உடுப்புக் காயப் போட்டபோது யோசனை வந்தது. பகலில் அங்கே கருவாடு. இரவில் ஒருவரும் இல்லை. அவ்வளவு வானமும் சும்மா கிடக்கிறது.

நிலத்தில் படுக்க முடியாது. கருவாட்டு உப்பு, செதில், எறும்பு, விடியப்புறம் பனித் தண்ணீர். கட்டில் வேணும். கட்டிலை அங்கே விட்டு வரவும் முடியாது, ஹோலில் விரித்து வைக்கவும் முடியாது. பகலில் அப்பா அங்கே இருந்துதான் கிழிந்த வலை பொத்துகிறார். ஆகவே மடிய வேணும். நான் தனியத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற வேணும். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் போடக் கூடாது.

நான் அலுமினியக் கடையில் யன்னல் வரைகிறவள். யன்னல் என்றால் என்ன? சட்டமும் பிணைச்சலும். யன்னல் மடியும் என்றால் கட்டிலும் மடியும்.

வீட்டில் சொன்ன காரணம் வேறு. தவக்காலத்தில் பாலைதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போனால் இரவில் மணலில்தான் படுக்க வேணும், அம்மாவுக்கு இடுப்பு நோ, அதற்காகத்தான் இந்தக் கட்டில் என்றேன். "பிள்ளைக்கு என்னிலை எவ்வளவு கரிசனை" என்று அம்மா கண் கலங்கினார். அந்தோனியாரே, மன்னியும்.

ஜனவரி 17, வெள்ளி

கடை முதலாளி கேதீஸ்வரன் அண்ணையிடம் வெட்டி மிஞ்சிய குழாய் கேட்டேன். என் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஆருக்குப் பிள்ளை?"

"அம்மாவுக்கு அண்ணை. திருவிழாவுக்கு."

"அம்மா அவ்வளவு அகலமோ? நாலடி போட்டிருக்கிறீர்."

"புரண்டு படுக்கிறவ."

"ஓ." படத்தை மடித்துத் தந்தார். "அப்ப தடிச்ச குழாயா எடும். புரளேக்கை பாரம் கூடும்."

மனுசனின் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கால்களைக் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்காக வைத்தேன். மடித்துக் கட்டினால் மூன்றடிதான். ஒன்பது கிலோ. நான் கெட்டிக்காரி.

ஜனவரி 25, சனி

நான் கெட்டிக்காரி இல்லை.

சட்டத்தில் பழைய சாக்கைக் கட்டி ஹோலில் விரித்தேன். "வீட்டுத் தலைவன் நானல்லோ, நான் முதல் படுத்துப் பாக்கிறன்" என்றார் அப்பா. அப்பா தொண்ணூறு கிலோ. படுத்தார், கைகளை நெஞ்சில் வைத்தார், "சோக்கான கட்..." என்று சொல்லி முடிக்க முதல் கட்டில் அவரோடு சேர்ந்து மடிந்தது. மேலே தலையும் காலும் மட்டும் தெரிந்தன. அம்மா "அந்தோனியாரே!" என்று கத்திக்கொண்டு சட்டத்தைப் பிடித்து இழுக்க அது இன்னும் இறுகியது. ஜஸ்ரின் குசினிக்குள் ஓடினார். தண்ணீர் எடுக்கப் போனதாகப் பிறகு அப்பாவிடம் சொன்னார். சுவரில் தலையை வைத்துச் சிரித்ததை நான் கண்டேன்.

பிழை என்னுடையது. கால்களைப் பூட்டுகிற கொளுக்கியைக் கீழிருந்து மாட்டும்படி வைத்திருந்தேன். ஆள் ஏறினால் அந்தப் பாரமே அதைக் கழற்றிவிடும். யன்னலில் ஒருவரும் படுப்பதில்லை, அதனால் இதுவரை எனக்கு இது தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

கொளுக்கியைத் திருப்பி வைத்தேன். இப்போது பாரம் கூடக் கூட இறுகுகிறது. அப்பா மறுபடி படுத்தார். துணிந்த மனுசன். கட்டில் நின்றது.

ஆனால் கத்துகிறது. புரண்டால் கிறீச். மூச்சு விட்டால் கிறீச். இதைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் விரிப்பதென்றால் கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டே போகலாம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

"படகுக்குப் பூசின சுறா எண்ணெய் மிச்சம் கிடக்குது, உதிலை கொஞ்சம் பூசு" என்றார் அப்பா. பூசினேன். சத்தம் நின்றது. விடியக் கதவைத் திறந்தால் ஏழு பூனைகள். ஒன்று என் காலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பிணைச்சலை நக்கத் தொடங்கியது.

முன்வீட்டு ஷெரோன் தன் கதவில் சாய்ந்து நின்றாள். "என்னடி நிரோ, வீட்டுக்குள்ளை சுறா வளக்கிறியளோ?" அவளுக்கு ஒரு விசயம் தெரிந்தால் கால் மணித்தியாலத்தில் பாசையூர் வரை தெரியும்.

சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பழைய றப்பர்ச் செருப்பு ஒன்றை வட்ட வட்டமாக வெட்டி ஒவ்வொரு பொருத்துக்குள்ளும் வைத்தேன். இப்போது மூச்சுக்கூட இல்லை.

அப்பா செருப்பைத் தேடுகிறார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

சாக்கு மூட்டைப்பூச்சிக்கு வீடு. தறப்பாள் சரசரக்கிறது. கன்வஸ் பாரம். மேலே எதைக் கட்டுவது என்று மூன்று நாள் யோசித்தேன். வலை முடிகிற மனுசனின் வீட்டில் இருந்துகொண்டு யோசித்திருக்கிறேன், என்ன மூளை! அப்பா தடித்த நைலோன் கயிற்றில் தானே முடிந்து தருகிறாராம்.

"வலைக்கண்ணைப் பெரிசா முடியிறன் பிள்ளை, காத்து வரும். ஒரு திருக்கை வந்து விழுந்தாலும் அறாது."

திருக்கை விழாது அப்பா. உங்கள் மருமகன்தான்.

பெப்ரவரி 15, சனி

இன்றைக்கு.

பெப்ரவரி 16, ஞாயிறு

முதலில் நல்லதை எழுதுகிறேன்.

அப்பாவின் குறட்டை ஒரு சீருக்கு வந்ததும் எழும்பினோம். ஜஸ்ரின் கட்டிலைத் தோளில் வைத்தார், இஞ்சினைத் தூக்கிற பழக்கத்தில் முனகிவிட்டு, பாரமே இல்லை என்று கண்டு சிரித்தார். மேலே விரித்தோம். கிறீச் இல்லை. ஏறிப் படுத்ததும் வலை தாழ்ந்து இருவரையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வடிவமைப்பில் குறை என்று முதலில் நினைத்தேன். இல்லை, இதைத் திருத்தப் போவதில்லை.

அறையில் இருந்த அந்த மூன்று கிழமைக்குப் பிறகு முதல் முறையாகக் குசுகுசுக்காமல் கதைத்தோம். அவருக்கு இரண்டு மணி இருட்டில் கடலில் இறங்க இன்னமும் பயமாம். எனக்கு அது தெரியாது. ஹோலில் படுத்துக்கொண்டு மாமனாரின் காதுக்குப் பக்கத்தில் எப்படிச் சொல்வது? நான் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இனிக் கெட்டது. பாரம் குறைய வேணும் என்று பாய் கொண்டுபோகவில்லை. இருந்த ஒரு பெற்சீற்றையும் பனிக்குப் போர்த்துக்கொண்டோம். வெறும் வலையில் படுத்தோம்.

விடியப் பூசைக்குப் பிந்திவிட்டது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினோம். கண்ணாடி பார்க்கவில்லை. கோயிலில் பெண்கள் பக்கம் நான் முழந்தாளில் நிற்க, பின்னால் இருந்த ஷெரோன் என் கையைத் தொட்டாள். "என்னடி, வலையிலை பட்டிட்டியோ?" பார்த்தால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை கண் கண்ணாக வலையின் அச்சு. கன்னத்தைத் தடவினேன். அங்கும்.

மெல்ல ஆண்கள் பக்கம் திரும்பினேன். ஜஸ்ரினின் வலது கன்னத்தில் அதே வலைக்கண். பக்கத்தில் அப்பா. சுவிசேசம் வாசிக்கும்போது அப்பா மருமகனின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தான் முடிந்த கண்ணைத் தனக்கு அடையாளம் தெரியாதா? பிறகு பூசை முடியும்வரை பீடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா அவ்வளவு பக்தியாக நின்றதை நான் கண்டதில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

அம்மா இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். அப்பா வலைக்குள் தலையை விட்டபடி. கட்டில் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, தண்டனை பெற்ற பிள்ளை மாதிரி.

வெக்கமாக் கிடக்குது. கோவமாயும் கிடக்குது. நான் என்ன பிழை செய்தனான்? கட்டினவனோடைதானே படுத்தனான்? ஊரான் ஒருத்தனோடையோ? விசேசம் விசேசம் எண்டு கேக்கத் தெரியுது, அதுக்கு இடம் விடத் தெரியேல்லை.

ஜஸ்ரின், "நான் முல்லைத்தீவுக்குப் போனா எல்லாருக்கும் நிம்மதி போலை" என்றார். இந்த முறை பகிடியாகச் சொல்லவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவினேன். மீனைப் பார்த்தபடியே கேட்டார்:

"அது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"எது?"

"உது. உன்ரை கட்டில்."

"நூற்றறுபது கிலோ மட்டும் தாங்கும். ஏன்?"

"அப்பா தொண்ணூறு." கத்தியை வைத்தார். "முப்பத்தாறு வருசம் நிரோ. கட்டின நேரம் வீட்டிலை என்ரை அம்மாவும் தங்கச்சிமார் மூண்டு பேரும். பிறகு நீங்கள். பிறகு இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்திலை நாப்பது குடும்பத்தோடை. இப்ப இஞ்சின். அந்த மனுசனோடை தனிய ஒரு நாள் படுத்துக் கதைச்சனானோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கிறன். ஞாபகம் வரேல்லை."

துருவிய தேங்காயையே மறுபடி துருவிக்கொண்டிருந்தேன்.

"தவக்காலம் தொடங்க முன்னம் ஒரு நாளைக்குத் தா," என்றார். பிறகு பழைய குரல் திரும்பி வந்தது. "மேலை பாய் விரிக்கோணும், விசரி. வெறும் வலையிலையோ ஆக்கள் படுக்கிறது?"

பெப்ரவரி 22, சனி

மழை. பெப்ரவரியில் மழை! நான் சொன்ன பொய்யை அந்தோனியார் மறக்கவில்லை.

மார்ச் 1, சனி

சாப்பாடு முடிந்தது. அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டார். நானும் ஜஸ்ரினும் காணாத மாதிரி இருந்தோம். அப்பா கட்டிலைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார். கடைசியில் இடுப்பு முடிச்சை அவிழ்த்து அறைச் சாவியை எடுத்து ஜஸ்ரினின் கையில் வைத்தார்.

"தம்பி, இஞ்சினைப் பாத்துக்கொள்ளும்."

"ஓம் மாமா."

"மேலை நல்ல காத்தாம் எண்டு மாமி சொல்லுறா. அதுதான்."

"ஓம் மாமா."

படியில் ஏறும் சத்தம் கேட்டது. பாயை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஓடினேன். இல்லை, அம்மா கையில் கொண்டுபோயிருக்கிறார். திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். ஹோல் இவ்வளவு பெரிதா? ஜஸ்ரின் நடுவில் நின்று கையை அகல விரித்துப் பார்த்தார். பிறகு சாவியைக் கட்டிலுக்கு... இல்லை, கட்டில் இல்லையே. பாய்க்குக் கீழே வைத்தார்.

எழுதியது போதும்.

மார்ச் 2, ஞாயிறு

ஜஸ்ரின் விடியவே முல்லைத்தீவுக்குப் போன் எடுத்து வரவில்லை என்று சொன்னார். ஏன் என்று கேட்டார்களாம். "இஞ்சை இஞ்சினைப் பாக்க ஆள் வேணும்" என்றார். காதில் போனோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அம்மாவும் அப்பாவும் வெயில் ஏறிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். அம்மா தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்புப் போட்டார். அப்பா அதைக் குடித்து முடித்தார். பிறகு எல்லாரும் அவசரமாகப் பூசைக்குப் போனோம்.

கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பாய் விரிக்கச் சொன்ன மனுசியின் இடது கன்னத்தில், பவுடருக்கு மேலால், தெளிவாக மூன்று வலைக்கண். பாய் எப்போது வழுகியதோ. எங்களுக்குப் பின்னால் ஷெரோன் வந்து இருக்கிற சத்தம் கேட்டது. நான் கையை நீட்டி அம்மாவின் முக்காட்டைக் கன்னத்துக்கு மேல் இழுத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை.