ஏறிடுச்சு

கப்பல் கப்பலாகச் சமையல் கேஸ் வாங்கி விற்கும் துரைக்கு,

போன மாதம் ஆபீஸிலிருந்து போனில் குதித்தீர்களே: "ஏறிடுச்சு! எங்கேயோ சண்டை, துறைமுகத்தை மூடிட்டாங்க. நம்ம சரக்குக்கு இனி டபுள் விலை! இனிப்பு பண்ணி வை." புத்தி கெட்டுப்போய்ப் பண்ணி வைத்தேன்.

இன்று காலை அம்மாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் சிலிண்டர்காரரும் அதே வார்த்தையைச் சொன்னார். "ஏறிடுச்சும்மா."

அம்மா காலி சிலிண்டரை உள்ளே உருட்டிவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள், "மாப்பிள்ளைக்கு வேலையெல்லாம் நல்லாப் போகுதா?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ரொம்ப நல்லாப் போகுதும்மா" என்றேன்.

நம் வீட்டு சிலிண்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டேன். நானும் இங்கேதான் இருப்பேன். பசித்தால் உங்கள் கப்பலில் போய்ச் சமைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்று இனிப்பு கிண்டியவள்