முதல் பஸ்ஸை நிறுத்தி வை

ஜூன் 3, திங்கள்

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தாயிற்று. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தர்க்கப் பாடம். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"சார், கடவுளுக்கும் இந்த ரூல் உண்டா? அவரு உங்க பேப்பர்ல ஃபெயில் ஆவாரா?"

"அட்டெண்டன்ஸ் இல்லேன்னா யாரா இருந்தாலும் ஃபெயில்தாம்மா."

வகுப்பே சிரித்தது. நானும். மகள் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு. அவளுக்கும் அந்தப் பெண்ணின் வயதுதான் இருக்கும். ஆசிரியர் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் உடைந்துவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் சமையலறையில் மனைவி பேசும் சத்தம். போனில் என்று நினைத்தேன். போன் கூடத்தில் கிடந்தது. பால் பாத்திரத்தைத் தேய்த்தபடி, குழாயைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கடவுளே, அந்த முதல் பஸ்ஸ ஒரு நிமிஷம் நிறுத்தி வை. குருவி ஓடி வந்துட்டிருக்கா. ஒரே ஒரு நிமிஷம்."

அது பிப்ரவரியில் போன பஸ். குருவி, எங்கள் மகள், அதைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறினாள். அடுத்தது பாலத்தில் புரண்டது.

இது என்ன வேண்டுதல்? கேட்காதவன்போல் குளிக்கப் போனேன்.

ஜூன் 9, ஞாயிறு

கொழுந்தியாள் வந்திருந்தாள். அந்த வேண்டுதல் அவள் காதிலும் விழுந்துவிட்டது. "அத்தான், அக்காவ டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

அக்காவுக்கு ஒன்றுமில்லை என்றேன். உண்மைதான். பால்காரரிடம் பேசுகிறாள், துணி மடிக்கிறாள், என் மாத்திரையை மறக்காமல் எடுத்து வைக்கிறாள். பாத்திரம் கழுவும்போது மட்டும் அவளுக்கு இன்னும் பிப்ரவரி.

ஜூன் 14, வெள்ளி

மனைவியிடமே கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இனிமே நடக்கப்போறதுக்கு வேண்டிக்கலாம். நடந்து முடிஞ்சதுக்கு எப்படிம்மா வேண்டுவ?"

"ஏன், அவரால முடியாதா?"

"முடியுமா முடியாதாங்கறதே இல்ல. அந்தப் பஸ்ஸ அவ விட்டுட்டா, விடவும் இல்ல — ரெண்டையும் சேர்த்துச் சொன்னா நீ எதையுமே கேக்கலைன்னு அர்த்தம். வெறும் சத்தம்தான் அது."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "உங்க பாடத்துக்குள்ள அடங்குற கடவுள் எனக்கு எதுக்குங்க? அதுக்கு உங்க ஹெச்.ஓ.டி. போதாதா?"

வேறொரு காலமாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

ஜூன் 15, சனி

நான் சொன்னதில் எந்த இடத்தில் பிழை? ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லையே.

ஜூன் 22, சனி

இன்று அவளே ஆரம்பித்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னத யோசிச்சேன். இப்பப் போயி அவரால அதை மாத்த முடியாது. சரி. அன்னைக்குக் காலையில முடிஞ்சிருக்குமா?"

எனக்குப் புரிவதற்குள் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. நாள்பட்ட வாத்தியார் பழக்கம். "முடிஞ்சிருக்கும். அதுல ஒரு முரணும் இல்ல."

"ஒரு பஸ்ஸ ஒரு நிமிஷம் நிறுத்துறதுல எந்தக் கஷ்டமும் இல்ல."

"இல்ல."

"அப்ப ஏன் நிறுத்தல?"

சிதறிக் கிடந்த காய்த் துண்டுகளைத் தட்டில் கூட்டினேன். எனக்கு என்ன தெரியும்?

"சரி," என்றாள். மறுபடி கத்தியை எடுத்தாள்.

ஜூன் 24, திங்கள்

பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும். பேச்சு இல்லை.

ஜூன் 28, வெள்ளி

மருந்துக்கடை வேலைக்கு மீண்டும் போகத் தொடங்கிவிட்டாள். கொழுந்தியாளுக்கு அவ்வளவு சந்தோஷம். "நல்லவேளை அத்தான், பேசிப் புரியவச்சீங்க."

புரியவைத்தேன். கடவுளை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றத்தான் நான் வாதாடினேன் — முடியாததைச் செய்யவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது அல்லவா? ஆனால் நான் போட்ட எல்லைக்கு இந்தப் பக்கம், முடிகிற பக்கம்தான், அந்தப் பிப்ரவரிக் காலை கிடந்தது. செய்யக்கூடிய காரியம். செய்யாத காரியம். இன்னும் பஸ்ஸை நிறுத்தக்கூடியவர் என்று ஒருவரை அவள் வைத்திருந்தாள். அவரை எடுத்துவிட்டு, அன்று நிறுத்தியிருக்க முடிந்தும் நிறுத்தாதவரை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் யார் பேசுவார்கள்?

அவள் வேண்டிக்கொண்டிருந்த வரைக்கும் குருவி ஓடி வந்துகொண்டிருந்தாள். தினமும். மூச்சு வாங்க, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு. என் பிள்ளைய நானே நிறுத்திட்டேனே.

இன்றைய வகுப்பில், முரண் ஒன்றை ஒரு தடவை அனுமதித்தால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம் என்று பாடம். ஆண்டுதோறும் எச்சரிக்கையாகத்தான் சொல்வேன். இன்று அந்த வரியை எழுதிவிட்டு நானே மறுபடி படித்தேன். எதை வேண்டுமானாலும்! அவள் கேட்டது அந்த ஒன்றைத்தானே?

ஜூலை 1, திங்கள்

கடவுள் என் வாக்கியங்களுக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் சொன்னேன். பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களை நான் கழுவுகிறேன் என்று போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வார்த்தைகளைத் தேடினேன். கடைசியில் அவள் வார்த்தைகள்தான் கிடைத்தன.

அவள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன முணுமுணுக்கறீங்க?"

"ஒண்ணும் இல்ல." பிறகு, "பஸ்ஸ நிறுத்தச் சொல்லி," என்றேன்.

அவள் எட்டிக் குழாயை மூடினாள்.

"அது போயிடுச்சுங்க," என்றாள். கோபமில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

துண்டை எடுத்து என் கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். அவள் துடைத்துக்கொண்டிருந்தபோதும் நான் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். சத்தமில்லாமல்.