ஒரு கன்ட்ரி சாங், ஒரு சல்யூட்

என்னங்க,

பால் வாங்கப் போன இடத்தில், தெப்பனேர் என்று இவர்கள் சொல்கிற தெருமுனைக் கடையில், கல்லாவுக்குப் பின்னாலிருந்த ரேடியோவில் அந்த கிதார் ஆரம்பித்தது. பாலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றிருக்கிறேன். கடைக்காரர் "மதாம்?" என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாகியும் உடம்பு மறக்கவில்லை, பாருங்கள்.

அறுபத்தொன்பதில், இந்த நாட்டுக்கு நான் வந்த முதல் குளிர்காலம். உங்கள் பாஸ் வீட்டு விருந்தில் இந்த இசைத்தட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உனக்குப் பிடித்த கன்ட்ரி சாங் எது?" என்று ஆசையாகக் கேட்டாள். கன்ட்ரி என்றால் எனக்கு நாடு. கிதாரை வைத்துக்கொண்டு இவர்கள் பாடுகிற தினுசுக்கு அதுதான் பெயர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா? எழுந்து நின்று, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குப் பாடிய தேசபக்திப் பாட்டை முழுசாகப் பாடினேன். நன்றாகவே பாடினேன். அந்த அம்மாள் இசைத்தட்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். முதலில் சிரித்தது நீங்கள். மற்றவர்கள் அப்புறம்தான் சிரித்தார்கள்.

காரில், "மானத்த வாங்கிட்டியே" என்றீர்கள். மறுவாரமே அந்த மானம் உங்களுக்குக் கதையாகிவிட்டது. பியர்பொன்ட்ஸில் நம் வீட்டு பேஸ்மென்டில் நம்மூர் டாக்டர்களும் புரொபசர்களும் கூடுகிற சனிக்கிழமைகளில், "நம்ம மேடம் எழுந்து நின்னாங்க பாருங்க, அடிச்சாங்க ஒரு சல்யூட்!" சல்யூட் நான் அடிக்கவே இல்லை. அது உங்கள் கைவண்ணம். வடைத் தட்டோடு நான் படியிறங்கும்போதே சிரிப்பு மேலே ஏறி வரும்.

"போதுமே, விட்டுடுங்களேன்" என்று ஒருநாள் கெஞ்சினேன். "அட, தமாஷுக்குத்தானே!" என்றீர்கள்.

நல்ல தமாஷ். அதோடு நான் பாடுவதை விட்டேன். பெண் பிறந்தபோது தாலாட்டுகூடப் பாடவில்லை. அவளோ பேச வந்ததும் உங்கள் மடியில் உட்கார்ந்து கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். அப்போதெல்லாம் உங்களை வெறுத்தேன். போனவரிடம் இதைச் சொல்லக் கூடாதுதான். சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் வாசல் பனியை வாரப் போனவர் உள்ளே திரும்பி வரவில்லை; மாரடைப்பு என்றார்கள். பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது.

அந்த ரேடியோப் பாட்டில் ஒருவன் லாரியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். ஒருத்தி வாசலிலேயே நிற்கிறாள். இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பிடித்த கன்ட்ரி சாங் அதுதான் என்று சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

பெண் உங்களை மறந்துகொண்டு வருகிறாள். ஒரு சாயங்காலம், "அப்பா எப்படிம்மா சிரிப்பாரு?" என்றாள். என்ன செய்வது? எழுந்து நின்றேன். உங்கள் குரலிலேயே, "நம்ம மேடம் எழுந்து நின்னாங்க பாருங்க" என்று ஆரம்பித்து, சல்யூட்டும் அடித்தேன். சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள். அச்சு அசல் உங்கள் சிரிப்பு. இப்போது தினமும், "அப்பா கதை சொல்லும்மா" என்கிறாள். என்னைக் கேலி செய்யாத கதை ஒன்றாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா? இல்லையே. அதனால் தினமும் சல்யூட் அடிக்கிறேன்.

நேற்று நான் கையை இறக்கியதும், "அன்னிக்கு என்ன பாட்டும்மா பாடினே?" என்று கேட்டாள். உங்கள் கதையில் பாட்டே கிடையாதே! அவளாவது கேட்டாளே என்று சந்தோஷமாக வாயைத் திறந்தேன்.

ஒரு வரிகூட வரவில்லை. சல்யூட்தான் வருகிறது.