ஒரே ஒரு ‘வாங்க’

ஓசூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? மிதுனா அழாமல் உங்களோடு தூங்குகிறாளா? இங்கே வேலையும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

மிதுனாவின் அப்பா பேரை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் அவர் குழந்தையைப் பார்க்க வந்தபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களாமே. அவர் பார்க்க வரும்போது கோர்ட் உத்தரவுப்படி கூட உட்காரும் மேடம் போனில் சொன்னார். மிதுனாவும் உங்களைப் போலவே திரும்பிக்கொண்டு, “எங்க தாத்தா உங்கள வாங்கன்னு சொல்லலீங்க, போயிருங்க” என்றாளாம்.

கேட்டதும் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்கம்மா. கொழந்தைய அப்பனுக்கு எதிரா திருப்பறாங்கன்னு அவரு வக்கீல் சொன்னா, நான் பார்த்தத கோர்ட்ல சொல்லித்தானுங்க ஆகணும்” என்றார் மேடம்.

அப்போதிருந்து தூக்கமே வரவில்லை அப்பா. சொல்லாமல் கொள்ளாமல் மிதுனாவைச் சேலத்துக்குத் தூக்கிப் போனவர் அவர். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஜட்ஜ் அவளை அவரிடமே கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அடுத்த ஞாயிறு அவளுக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிப் போங்கள். அவள் கழற்றிப் போட்ட கவுன் ஒன்றைத் துவைக்காமல் எனக்கு அனுப்புங்கள். அவர் வந்ததும் ஒரே ஒரு ‘வாங்க’ சொல்லுங்கள். செம்மநத்தத்தில் நம் வாசலுக்கு யார் வந்தாலும் சொல்கிறவர்தானே நீங்கள்? மனசிலிருந்து வர வேண்டாம், வாயிலிருந்து வந்தால் போதும்.

சொல்வீர்களா அப்பா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

சசிகலா