நடுவர் கை இறங்கும் வரை

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் உள்ளங்கையில் இரண்டு காய்ப்பு இருப்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். மாடிக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது, அண்ணன் வீட்டுச் சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, கிட்டே போனவர்களையெல்லாம் கடிக்கிறாள். போட்டி என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் நல்லபடியாக நடந்தது என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுக்கதை இதுதான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும், டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னதும், நான் ஜிம்முக்குப் போய் எடை தூக்கப் பழகியதும் உனக்குத் தெரியும். இப்போது மூட்டையை வண்டியில் ஏற்ற டிரைவரைக் கூப்பிடுவதில்லை, அவர் வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார். அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. இந்த வயசுல எங்கயாவது சுளுக்கிக்கிட்டுக் கிடந்தா யாரு பாக்குறது என்று தினமும் இதே பாட்டு. கடைசியில் ஒரே ஒரு போட்டி, அதில் ஒரு தடவையாவது சரியாகத் தூக்காவிட்டால் ஜிம்மையே விட்டுவிட வேண்டும் என்றார். ரோஷத்தில் நானும் சரி என்றுவிட்டேன். அப்புறம்தான் தோற்றால் ஜிம் போய்விடுமே என்று உறைத்தது. அங்கே மட்டும்தான் நான் யார் மனைவி, யார் அம்மா என்று ஒருவரும் கேட்பதில்லை, எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார்கள்.

தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிமிர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் கையை இறக்கும் வரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அதற்கு முன்னால் கீழே வைத்தால் செல்லாது. மூன்று வாய்ப்பு. முதல் தடவையே எண்பது கிலோவோடு நிமிர்ந்துவிட்டேன். என் முகம் சிவந்ததைப் பார்த்துப் பயந்துபோன அப்பா, கிடங்கில் சுமை தூக்குகிறவர்களை அதட்டுகிற அதே குரலில் போதும், இறக்கு என்று கத்தினார். நானும் இறக்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. அந்தக் குரலுக்கு எத்தனை தடவை டிவியை நிறுத்தியிருக்கிறேன், எத்தனை பேச்சைப் பாதியில் விட்டிருக்கிறேன். மூன்று நடுவர்களின் விளக்கும் சிவப்பு, அதாவது செல்லாது. அவர்மேல் கொஞ்சம் கோபம், என்மேல் நிறையக் கோபம். அந்த எரிச்சலில் கைக்குப் பவுடர் பூச மறந்து, இரண்டாவது தடவை கம்பி வழுக்கிவிட்டது. அப்பா ஓரமாக வந்து, இனி வாயே திறக்க மாட்டேன் என்றார். நான் நம்பவில்லை.

மூன்றாவது தடவை கைக்கு நன்றாகப் பவுடர் பூசிக்கொண்டு போய் நிமிர்ந்தேன். அவர் வாய் சும்மா இருக்குமா, போதும்மா, கீழ வச்சுடு என்று மறுபடியும் கத்தினார். இந்தத் தடவை அதட்டல் இல்லை, அழுகிற குரல். எனக்கு நன்றாகவே கேட்டது. நான் நடுவரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை இறங்கிய பிறகுதான் வைத்தேன். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. இரண்டு போதும், செல்லும். என் பிரிவில் நான்தான் கடைசி, அது கிடக்கட்டும். மறுநாளும் ஜிம்முக்குப் போனேன்.

ஆபீஸ் கூட்டத்தில் உன் மேலதிகாரி சரி சரி என்று குறுக்கிட்டதும் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன் என்றாயே, அந்தப் பழக்கம் உனக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு உட்கார்.

நேற்று பீரோவை உன் அறைக்கு மாற்றினோம், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அப்பா. சுவரோரம் போனதும் எப்போதும் அவர்தான் இறக்கு என்பார். நேற்று மூச்சு வாங்க என் முகத்தைப் பார்த்து, இறக்கலாமா என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையாட்டினேன்.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரு. இடுப்பு பெல்ட் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய், மறந்துவிடாதே. போன தடவை சொன்ன அளவு வேண்டாம், அதைவிடப் பெரியதாக வாங்கு, நான் அகலமாகிவிட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா